கல்யாசின்: தேவாலயம் போச்சு, மணிக்கோபுரம் மட்டும் ஏன் நிக்குது?

#1 தூரதேசி

வோல்கா ஆத்துத் தண்ணிக்கு நடுவுல ஒரு வெள்ளைக் கோபுரம் தனியா நிக்கிற படம் வாட்ஸ்அப்புல மறுபடி சுத்துது. கீழே "500 வருஷப் பழைய மடம், அணை கட்டினப்போ மூழ்கிடுச்சு, ராத்திரியில தானா மணி அடிக்கும்" என்று ஒரு குறிப்பு. ரஷ்யாவுல ட்வேர் மாகாணத்துல கல்யாசின் என்கிற ஊர் என்பது வரைக்கும் கண்டுபிடிச்சாச்சு. மீதியைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எந்தத் தேவாலயத்தோட கோபுரம் இது? தேவாலயம் தண்ணிக்கு அடியில முழுசா இருக்கா? ஈர மண்ணுல இத்தனை உயரம் சாயாம நிக்குதே, எப்படி?

#2 சுவடி

அந்தக் குறிப்பை எழுதினவர் இரண்டு இடங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். கல்யாசினில் மூழ்கியவை இரண்டு.

ஒன்று, இடக்கரையில் இருந்த திரித்துவ மக்காரி மடம். துறவி மக்காரி 15ஆம் நூற்றாண்டில் நிறுவியது. குறிப்பில் சொல்லும் 500 வருஷப் பழமை இதற்குத்தான் பொருந்தும். இந்த மடத்தில் இப்போது ஒரு சுவர்கூட நிற்கவில்லை.

இன்னொன்று, எதிரே வலக்கரையில், பழைய ஊரின் நடுவில் இருந்த புனித நிக்கோலஸ் பேராலயம். அதை 1694இல் கட்டினார்கள். படத்தில் இருக்கும் கோபுரம் இதனுடைய மணிக்கோபுரம். பேராலயம் எழும்பி நூறு வருஷம் கழித்து, 1796க்கும் 1800க்கும் இடையில் கட்டியது. ஐந்து அடுக்கு, மேலே ஊசி முனை, மொத்த உயரம் 74.5 மீட்டர். நம் கணக்கில் 244 அடி. தூண்கள், முக்கோண முகப்புகள் எல்லாம் அந்தக் காலத்து ரஷ்யாவில் பரவியிருந்த செவ்வியல் பாணி. வெங்காயக் குமிழ் இல்லாததைப் பார்த்து "இது கத்தோலிக்கக் கோயிலா" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை, ஆர்த்தடாக்ஸ்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்ய ஊர்களில் மணிக்கோபுரம் என்றாலே இந்த மாதிரி அடுக்கும் ஊசியும்தான்.

பேராலயம் தண்ணீருக்கு அடியில் முழுசாக நிற்கவில்லை. நீரைத் தேக்குவதற்கு முன்பே பிரித்து எடுத்துவிட்டார்கள். மடத்துக்கும் அதே கதிதான். படகிலிருந்து எட்டிப் பார்த்தால் குவிமாடம் தெரியும் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

#3 நீர்மட்டம்

அணைப் பக்கத்துத் தகவலைச் சேர்த்துவிடுகிறேன். கல்யாசினுக்குக் கீழே, ஆறு போகும் திசையில் உக்லிச் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நீர்மின் அணை வேலை 1935இல் தொடங்கியது. வேலையை நடத்தியது சோவியத் உள்துறை ஆணையகத்தின் வோல்காக் கட்டுமான அமைப்பு. மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் கைதிகள். 1939இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள், 1940 டிசம்பரில் முதல் டர்பைன் ஓடியது. முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 113 மீட்டர். தேக்கத்தின் பரப்பு 249 சதுர கிலோமீட்டர், ஆனால் சராசரி ஆழம் 5 மீட்டர் அளவுதான்.

ஆழம் 5 மீட்டர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "பாதிக் கோபுரம் தண்ணிக்குள்ள" என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மறைந்திருப்பது அடி அடுக்கு மட்டும்தான். இது ஆழக் கடல் இல்லை. தாழ்வான கரையில் இருந்த ஊரின்மேல் பரவலாக ஏறி நின்ற தண்ணீர். அதனால்தான் பழைய கல்யாசினின் கடைத்தெருவும் நடு ஊரும் போயின, மேட்டில் இருந்த வீடுகள் தப்பின. மர வீடுகளைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். ரஷ்ய மர வீடு கட்டையோடு கட்டையாக வெட்டிக் கோத்ததுதான். ஒவ்வொரு கட்டைக்கும் எண் எழுதிவிட்டால் பிரிப்பதும் பூட்டுவதும் தச்சனுக்குப் பெரிய வேலையில்லை. செங்கல் கட்டடத்துக்கு அந்த வசதி கிடையாது.

#4 தூரதேசி

அப்போ கோபுரத்தை மட்டும் ஏன் விட்டாங்க? மனசு கேக்கலையா?

#5 சுவடி

மனசுக்கு அங்கே வேலையே இல்லை. 1941இல் நிறைக்கத் தொடங்கிய, வோல்காவின் இன்னொரு தேக்கமான ரீபின்ஸ்கில் மொலகா என்று ஒரு நகரமே போயிற்று. அங்கே உயரமாக நின்ற தேவாலயங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தேக்கத்துக்குள் கப்பல் போகிற வழியில் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் பொது விதி.

கல்யாசினில் அதே கப்பல் போக்குவரத்துதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. அந்த இடத்தில் வோல்கா வளைகிறது. தண்ணீர் பரந்துவிட்ட பிறகு பழைய ஆற்றுத் தடம் எது, மூழ்கிய தெரு எது என்று மாலுமிக்குத் தெரியாது. 74 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளைக் குறி எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். அதனால் கலங்கரை விளக்கம் போல வைத்துக்கொண்டார்கள். பாராசூட் பயிற்சிக் கோபுரமாக்கும் எண்ணமும் இருந்தது என்று சேர்த்துச் சொல்வார்கள். 1930களில் சோவியத் ஊர்களில் பாராசூட் கோபுர மோகம் இருந்தது உண்மைதான். ஆனால் சுற்றிலும் தண்ணீர் ஏறிய பிறகு அங்கே யார் குதிப்பது? என் கணிப்பில் கப்பல் காரணம்தான் கனமானது.

இன்னொரு வசதியும் இருந்தது. கோபுரம் பேராலயத்துக்குப் பின்னால் வந்த தனிக் கட்டுமானம். அதனால் பேராலயத்தைப் பிரித்தபோது கோபுரத்தின் பாரம் எங்கேயும் மாறவில்லை.

#6 மணியோசை

மணி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "தானாக அடிக்கும் மணி" கதைதான் இந்தக் கோபுரத்தைப் பற்றி அதிகம் பரவியது.

கோபுரத்தில் 12 மணிகள் இருந்தன. பெரியது 501 பூத் எடை, 1895இல் வார்த்தது, இரண்டாம் நிக்கோலஸ் அரியணை ஏறியதை ஒட்டி. ஒரு பூத் 16.38 கிலோ. பெருக்கினால் 8,200 கிலோவுக்குச் சற்று மேல். கதை இப்படிப் போகும்: மணியை இறக்க முடியாமல் உள்ளேயே விட்டார்கள், அது விழுந்து அடித்தளத்தில் சிக்கியது, போர் வருவதற்கு முன்பும் பெரிய சண்டைகளுக்கு முன்பும் நீருக்குள்ளிருந்து ஒலித்தது.

ஒலிக்க முடியாது. மணி ஒலிப்பது அதன் விளிம்பு அதிர்வதால். உச்சியில் பிடித்துத் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றி எதுவும் தொடாமல் இருந்தால்தான் நாதம் வரும். தரையில் குப்புற உட்கார்ந்த மணியைச் சம்மட்டியால் அடித்தாலும் "டொக்" என்றுதான் கேட்கும். உட்கார்ந்த மணியைச் சுற்றிச் சேறும் தண்ணீரும் இருந்தால் அதுவும் கேட்காது. அது போக, ரஷ்ய மணி ஆடாது. மேலை ஐரோப்பாவில் மணியே ஊஞ்சல் போல் ஆடும், நாக்கு தானாகப் போய் மோதும். ரஷ்யாவில் மணி உத்தரத்தில் அசையாமல் இருக்கும், அடிப்பவர் கயிற்றைப் பிடித்து நாக்கை இழுத்து விளிம்பில் அடிப்பார். காற்றோ அலையோ வந்து அந்த நாக்கை அசைக்காது. நாக்கு மணி எடையில் சுமாராக 25இல் ஒரு பங்கு என்று வைத்தால், இந்த மணிக்கு 300 கிலோவைத் தாண்டும்.

மணிகளை இறக்கியதற்கும் அணைக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1929, 1930 வாக்கில் நாடு முழுக்கத் தேவாலய மணிகளைச் செம்புக்காகவும் வெள்ளீயத்துக்காகவும் இறக்கினார்கள். மணி உலோகம் என்பது ஏறக்குறைய 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். உருக்காலைக்கு அது நல்ல சரக்கு. 8 டன் மணியின் வாய் விட்டம் 2 மீட்டரைத் தாண்டும், வளைவுத் திறப்பு வழியாக அலுங்காமல் இறக்குவது பெரும்பாடு. அந்த மாதிரிப் பெரிய மணிகளைப் பல ஊர்களில் மேலேயே உடைத்தார்கள், அல்லது கீழே தள்ளிவிட்டார்கள்.

#7 கொத்துக்கரண்டி

மணி ஆடாது என்று மேலே சொன்னது கட்டடக் கணக்குக்கும் முக்கியம். ஆடும் மணி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோபுரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த ஆட்டத்தின் வேகமும் கோபுரத்தின் இயல்பான அசைவும் ஒத்துப்போனால் விரிசல் விடும். அசையாத மணியில் அந்தத் தொல்லை குறைவு. இத்தனை ஒல்லியான, உயரமான செங்கல் கோபுரத்தில் 8 டன் மணி வைத்தார்கள் என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

இனி, சாயாமல் எப்படி நிற்கிறது என்ற கேள்வி. கையால் போடுகிற கணக்கு ஒன்று. செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் சுமார் 1.8 டன். 74.5 மீட்டர் உயரமும் ஒரே பருமனில் செங்கல் என்று கொஞ்சம் மிகையாகவே வைத்துக்கொள்வோம்: அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 134 டன். உண்மையில் மேலே போகப் போகக் குறுகும், உச்சி ஊசி லேசானது, ஆகவே இதைவிடக் குறையும். நல்ல பழைய செங்கல் கட்டு இந்தப் பாரத்தைத் தாங்கிவிடும். மண் தாங்காது. ஆற்றோர வண்டலும் களிமண்ணும் சதுர மீட்டருக்கு 20, 30 டன்னுக்கே திணறும். அதனால்தான் அடித்தளத்தை அகலமாக விரிப்பது. கோபுரம் சாய்ந்தால் கோளாறு கீழே இருக்கும், மேலே தேடக் கூடாது.

தண்ணீர் ஏறியதும் இரண்டு மாற்றம் வரும். மணற்பாங்கான மண் முழுக்க ஊறினால் தாங்குதிறன் கிட்டத்தட்டப் பாதியாகும். அதே சமயம் ஈரம் மாறாமல் ஒரே நிலையில் இருந்தால் மண் ஒருமுறை அமுங்கி நின்றுவிடும். ஆபத்து ஏறி இறங்கும் தண்ணீரில் இருக்கிறது. மட்டம் இறங்கும்போது மண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே ஓடும், கூடவே நுண்மணலை அரித்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் மட்டும் அரித்தால் கதை முடிந்தது.

சாய்வைப் பற்றிப் பேசும்போது அளவு வேண்டும். 74.5 மீட்டர் உயரத்தில் 1 பாகை சாய்ந்தால் உச்சி 1.3 மீட்டர் நகர்ந்திருக்கும். அகலக் கோண லென்ஸில், படத்தின் ஓரத்தில் வைத்து எடுத்தால் நேரான கோபுரமும் அதைவிட அதிகம் சாய்ந்ததாகத் தெரியும். படத்தை வைத்துக்கொண்டு "பைசா கோபுரம் மாதிரி" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

#8 காவிரிக்கரை

அப்படின்னா நம்ம மேட்டூர்லயும் இதே சங்கதிதானே? பண்ணவாடிப் பக்கம் தண்ணி குறைஞ்சா நந்தி சிலையும் கிறிஸ்தவக் கோயிலோட இரட்டைக் கோபுரமும் வெளிய வரும். அணை 1934ல முடிஞ்சது, கிட்டத்தட்ட கல்யாசின் வயசுதான். அதுவும் நிக்குதே.

#9 கொத்துக்கரண்டி

ஒப்பிடலாம், ஆனால் எதிரி வேறு. மேட்டூரில் முழு மட்டம் 120 அடி, ஆண்டுக்கு ஆண்டு பல பத்து அடி ஏறி இறங்கும். அங்கே கட்டடம் மாதக்கணக்கில் ஊறுகிறது, மாதக்கணக்கில் வெயிலில் காய்கிறது. உப்பு பூக்கும், பூச்சு உதிரும். பனி கிடையாது.

கல்யாசினில் செங்கலைத் தின்பது பனி. ஊறிய செங்கலுக்குள் நீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, செங்கல் உறிஞ்சி ஏற்றும் பட்டையில், குளிர்காலம் தோறும் முகம் ஓடாக உரியும். அடியில் முழுக்க மூழ்கிய பகுதியைவிட இந்தப் பட்டைதான் முதலில் போகும்.

ஆனால் அதைவிட மோசமானது ஆற்றின்மேல் உறையும் பனித்தட்டு. தட்டு சுவரோடு ஒட்டி உறையும். மின் உற்பத்திக்காகக் குளிர்காலத்தில் தேக்கத்தின் மட்டத்தை இறக்குவார்கள். அடியில் தண்ணீர் போய்விட, கனத்த தட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும், பிறகு செங்கல் முகத்தைப் பிய்த்துக்கொண்டு விழும். வசந்தத்தில் உடைந்த தட்டுகள் காற்றடிக்கும் திசையில் வந்து இடிக்கும். நாற்பது வருஷம் கோபுரம் இப்படித்தான் வெறும் நீரில் நின்றது.

#10 நீர்மட்டம்

அதற்குத்தான் 1980களில் தீவு போட்டார்கள். படத்தில் கோபுரத்தின் காலடியில் பச்சையாகத் தெரியும் திட்டு இயற்கைத் தீவு இல்லை. அடித்தளத்தைப் பலப்படுத்தி, சுற்றிலும் மண்ணும் கல்லும் கொட்டி, படகு கட்ட ஒரு துறையும் வைத்தார்கள்.

பனித்தட்டு செங்குத்துச் சுவரில் மோதினால் அது நொறுங்கும் வரை சுவர் முழு விசையையும் வாங்க வேண்டும். சரிவில் மோதினால் தட்டு மேலேறும், தன் எடையாலேயே வளைந்து முறியும். பனிக்கு நசுக்குவதைவிட வளைப்பதில் வலு மிகக் குறைவு. இது போக, தட்டு இப்போது கல் சரிவோடுதான் ஒட்டுகிறது, செங்கலோடு இல்லை. அலையும் அடித்தளத்தைத் தொடுவதில்லை.

பொதுவாக இந்த மாதிரித் தீவு எங்கே கெடும் என்றால், கல்லுக்கு அடியில் வடிகட்டும் படுகை போடாத இடத்தில். மண்மேல் நேரடியாகப் பெரிய கல்லைக் கொட்டினால் அலை பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் கல் இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சும். மேலே பார்த்தால் கல் அப்படியே இருக்கும், அடியில் பொந்து விழும், ஒரு நாள் சரிவு உட்காரும். மண்மேல் சரளைப் படுகையோ வடிகட்டித் துணியோ, அதன்மேல் நடுத்தரக் கல், அதன்மேல்தான் பெரிய கல். சரிவு, உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டாவது இருக்க வேண்டும், மூன்று என்றால் இன்னும் நல்லது.

#11 சுவடி

தீவு போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வோலக்தா மாகாணத்துக் குரோகினோவைப் பார்க்கலாம். வெள்ளை ஏரியிலிருந்து ஷெக்ஸ்னா ஆறு கிளம்பும் இடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்று அங்கே இருந்தது. 1960களில் வோல்கா–பால்டிக் நீர்வழிக்காக மட்டத்தை உயர்த்தியபோது ஊர் மூழ்கியது. தேவாலயத்தை மாலுமிகளுக்குக் குறியாக விட்டார்கள். கரை போடவில்லை. வழிபாட்டுக் கூடம் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழுந்தது, மணிக்கோபுரப் பகுதிதான் மிச்சம். பிற்பாடு தன்னார்வலர்கள் வந்து, இடிந்து விழுந்த செங்கலையே பொறுக்கிச் சுற்றிலும் அணைபோலக் குவித்தார்கள். அரசாங்கம் கல்யாசினில் செய்ததை இங்கே கையால் செய்தார்கள்.

#12 செங்கல்சூளை

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கோபுரத்துக்குத் தண்ணி கீழ இருந்து மட்டும் வரல, மேல இருந்தும் வருது. வெள்ளையடிச்ச ரஷ்யக் கோபுரங்கள்ல பழுது பாக்கறவங்க முதல்ல பாக்கறது அடுக்குக்கு அடுக்கு நீட்டியிருக்கிற விளிம்புதான். அதுல தகடு போயிருந்தா பனி உருகி நேரா கட்டுக்குள்ள இறங்கும். அந்த விளிம்புலதான் பிர்ச் கன்னு முளைக்கும். நம்ம ஊர்க் கோபுரத்துல அரசங்கன்னு முளைக்கிற மாதிரியேதான். கையால பிடிச்சு இழுக்கக் கூடாது, வேரோட நாலு செங்கல் வந்துடும். அடியோட வெட்டி, வெட்டின முகத்துல மருந்து தடவி, வேர் செத்து சுருங்கினப்புறம்தான் இடுக்கை அடைக்கணும்.

அடைக்கிறது சுண்ணாம்புக் கலவையில. ஒரு பங்கு ஊறின சுண்ணாம்பு, மூணு பங்கு மணல். தண்ணி படுற இடத்துக்கு நீர்ல இறுகுற வகைச் சுண்ணாம்பு. இடுக்கோட அகலம் எவ்வளவோ அதுக்கு ரெண்டு மடங்கு ஆழம் சுரண்டணும். மேலாப்புல பூசினா அடுத்த குளிருக்கே கழண்டுடும். சிமெண்டு போட்டா உடனே கெட்டியாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருக்கிற ஈரம் இடுக்கு வழியா வெளிய வர முடியாம செங்கல் வழியா வரும், அங்கேயே உறையும், செங்கல் முகம் போயிடும். அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா சிமெண்டு கோடு மட்டும் வலை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல செங்கல் குழி. சுண்ணாம்புக்கு 5 டிகிரிக்குக் கீழ வேலை ஆகாது, அதனால ட்வேர் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான் வேலை நாள்.

#13 கொத்துக்கரண்டி

சூளை அண்ணன் சொன்னதோடு இரும்பையும் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்து ரஷ்யக் கட்டில் வளைவு விரியாமல் இருக்கச் சுவருக்குள் இரும்புப் பட்டை பதிப்பார்கள். துரு பிடித்தால் இரும்பு பல மடங்கு பருக்கும். வளைவுக்கு நேர் மேலே கிடைமட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால் அது மண் அமுங்கியதால் அல்ல, உள்ளே பட்டை வீங்கியதால். மண் அமுங்கிய விரிசல் பெரும்பாலும் சாய்கோடாகப் படிக்கட்டு போல இடுக்கு வழியே போகும். எது என்று முடிவு செய்யாமல் விரிசலைப் பூசி மறைக்கக் கூடாது. விரிசலின்மேல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட வேண்டும். உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு குளிர்காலமாவது தாண்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

#14 தூரதேசி

மடத்தைப் பத்தி இன்னும் ரெண்டு வரி வேணும். எல்லாமே போச்சா?

#15 சுவடி

சுவரில் இருந்த ஓவியம் கொஞ்சம் தப்பியது. மடத்தின் திரித்துவப் பேராலயத்தில் 17ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருந்தன. இடிப்பதற்கு முன் பாவெல் யூக்கின் தலைமையில் மீட்பாளர்கள் பூச்சோடு சேர்த்துத் துண்டு துண்டாகப் பெயர்த்தார்கள். பொதுவாக இந்த வேலையில் முதலில் ஓவியத்தின் முகத்தில் பசையோடு துணி ஒட்டுவார்கள், காய்ந்ததும் விளிம்பைச் சுற்றி வெட்டி, பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவே நீளக் கத்தியோ வாளோ விட்டு அறுப்பார்கள், பலகையில் சாய்த்து இறக்கி, பின்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கிப் புதுத் தாங்கியில் ஒட்டுவார்கள், கடைசியில்தான் முகத்துணியை நனைத்து எடுப்பது. ஈரச் சுவரில் துணி ஒட்டாது, அவசரப்பட்டால் வண்ணம் துணியோடு வந்துவிடும். நீர் ஏறப் போகிறது என்ற கெடுவோடு அதைச் செய்தார்கள். இப்போது மாஸ்கோவில் ஷூசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தியாவோடு ஒரு தொடர்பும் உண்டு, குறிப்பு எழுதினவர் அதைத் தவறவிட்டார். ட்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிக்கித்தின் 15ஆம் நூற்றாண்டில் வோல்கா வழியாகக் கிளம்பி, பாரசீகம் தாண்டி, சௌல், ஜுன்னர், பீதார் வரை வந்தவர். பயணக் குறிப்பின் தொடக்கத்திலேயே, கல்யாசினில் திரித்துவ மடத்தில் இறங்கி மடத்தலைவர் மக்காரியிடம் ஆசி பெற்றதை எழுதியிருக்கிறார். பாமினி சுல்தான்களின் பீதாரைப் பார்த்தெழுதிய ரஷ்யர் படகைக் கட்டிய துறை இப்போது தேக்கத்துக்கு அடியில்.

#16 மணியோசை

இப்போதைய நிலை: 2007 மே 22 அன்று, நிக்கோலஸ் திருநாளில், கோபுரத்தில் மறுபடி வழிபாடு நடந்தது. பிறகு 5 மணிகளும் ஏற்றினார்கள். ஆக, அங்கே மணியோசை கேட்டதாக யாராவது சொன்னால் இனிமேல் சிரிக்க வேண்டாம். ஆள் நின்று கயிறு இழுக்கிறார்.

#17 காவிரிக்கரை

போகணும்னா எப்பப் போறது? உள்ள விடுவாங்களா?

#18 நீர்மட்டம்

மாஸ்கோவிலிருந்து வடக்கே 180 கிலோமீட்டர் போல, சவ்யோலவோ ரயில் தடத்தில் வரும். கோடையில் கரையிலிருந்து படகு. குளிர்காலத்தில் பனித்தட்டின்மேல் நடந்தே போகிறார்கள். ஆனால் மேலே சொன்னது ஞாபகமிருக்கட்டும்: மட்டம் இறங்கும்போது தீவைச் சுற்றித் தட்டு தொங்கி வெடித்திருக்கும், கரையோரமும் தீவோரமும் ஆபத்து. சில ஆண்டுகளில் வெள்ளம் வருவதற்கு முன், ஏப்ரலில், தேக்கத்தை வெகுவாக இறக்கிவிடுவார்கள், அப்போது கோபுரத்தைச் சுற்றிப் பழைய ஊரின் தரையே வெளியே தெரியும். சேறு கணுக்காலுக்கு மேல் இருக்கும். படம் எடுக்க மட்டும் என்றால் ஊர்க்கரையே போதும். வோல்காவில் போகும் பெரிய பயணக் கப்பல்கள் கோபுரத்தை ஒட்டித்தான் கடக்கும், ஆனால் தீவுத் துறை சின்னப் படகுகளுக்கானது.

போகிற வழியில் காட்டு மேலே ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் தெரிந்தால் திகைக்க வேண்டாம். 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி. அதுவும் கல்யாசினுடையதுதான்.